நீண்ட வீட்டில் எது எவருடையது?
டயாக் காட்டூர் மக்களின் வாழ்வும் உடைமையும்

கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு கொண்டிருக்கும் நம் உறுப்பினர்க்கு ஒரு கேள்வி புதிதன்று. எது என்னுடையது, எது நம்முடையது என்பதே அக்கேள்வி. தறி நெசவாளருடையது, மொத்தமாக நூல் வாங்கும் வலிமை சங்கத்தினுடையது. நிலம் உழவருடையது, விளைவைச் சேமிக்கும் கிடங்கு சங்கத்தினுடையது. இவ்விரண்டிற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒரு சங்கம் தழைப்பதும் தளர்வதும் அமைகின்றன. இக்கோட்டைப் பல தலைமுறைகளாக ஏடும் எழுத்தும் இன்றியே வரைந்து காத்துவரும் மக்களைப் பற்றி இம்மாதம் எழுத எண்ணினோம். போர்னியோத் தீவின் மழைக்காட்டில் வாழும் டயாக் மக்களே அவர்கள்.

இம்மக்களைக் குறித்து வெளியுலகில் இரு தவறான எண்ணங்கள் நெடுங்காலமாக நிலவி வந்தன. அவர்கள் வாழும் காடு எவருக்கும் உரியதன்று, அது வெறும் புறம்போக்கு என்பது ஒன்று. அவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடி வாழ்வதால் யாவும் அவர்களுக்குப் பொதுவே, தனியுடைமை என்பதையே அறியார் என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு எண்ணங்களாகத் தோன்றினும், முடிவில் இரண்டும் ஒரே இடத்திற்கே கொண்டு செல்கின்றன. குறித்த உடைமையாளர் எவரும் இல்லை என்று சொல்லிவிட்டால், வலியவர் எவரும் உள்ளே நுழையலாம் அன்றோ? உண்மை வேறு. அக்காட்டூரில் உடைமையாளர் இல்லாத மரமே அரிது எனலாம்.

நாடும் மக்களும்

போர்னியோ உலகின் மூன்றாவது பெரிய தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 7,43,000 சதுர கிலோமீட்டர். இன்று அது மூன்று நாடுகளுக்கு உரியதாய்ப் பிரிந்து கிடக்கிறது. பெரும்பகுதி இந்தோனேசியாவைச் சார்ந்தது. அப்பகுதி கலிமந்தான் எனப்படும். வடக்கே சரவாக், சபா என்னும் இரு மாநிலங்கள் மலேசியாவைச் சார்ந்தவை. இடையே புரூணை என்னும் சிறு நாடு உள்ளது.

டயாக் என்பது ஒரே குலத்தின் பெயரன்று. தீவின் உட்பகுதியில் வாழும் பற்பல மக்களுக்கு அது பொதுப்பெயர். இபான், கந்து, பிடாயு, கென்யா, காயான், நாஜு எனப் பல பிரிவினர் அதில் அடங்குவர். மொழியும் வழக்கமும் ஒரு பிரிவுக்கும் மற்றொரு பிரிவுக்கும் மாறுபடும். ஆதலால் பெரும்பாலும் சரவாக்கின் இபான் மக்களையும், மேற்குக் கலிமந்தானில் கப்புவாஸ் ஆற்றின் மேல்பகுதியில் வாழும் இபான், கந்து மக்களையும் கொண்டே இக்கட்டுரையை அமைக்கின்றோம். 1949 முதல் 1951 வரை இபான் மக்களிடையே தங்கி ஆராய்ந்த டெரக் பிரீமன், 1970-களின் நடுவில் கந்து மக்களுடன் வாழ்ந்த மைக்கேல் டவ் ஆகிய அறிஞர்களின் ஆராய்ச்சிகள் இத்துறையில் பெயர் பெற்றவை.

கப்புவாஸ் ஆறு 1,100 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடையது. பல ஊர்களுக்கு ஆறே நெடுங்காலம் சாலையாய் இருந்தது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் நாடு அது. அடர்ந்த காட்டைக் கண்டவர், மண் மிக வளமானது என்று எண்ணுவர். மெய்யில் அம்மண்ணின் உரம் பெரும்பாலும் மரங்களிலேயே தங்கியிருக்கிறது. மண்ணில் எஞ்சுவதைப் பெருமழை கரைத்துச் சென்றுவிடுகிறது. அம்மக்களின் உழவு முறையும் உடைமை முறையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைத்தவை.

வாயில்கள் பல, வீடு ஒன்று

இபான் மக்களின் நீண்ட வீடு தரையிலிருந்து உயர்ந்த தூண்களின்மேல் ஆற்றங்கரையை ஒட்டி அமைவது. அதன் பெருமையை 'இத்தனை வாயில்' என்று எண்ணிச் சொல்வது வழக்கம். முப்பது வாயில் உடைய வீடு என்றால் முப்பது குடும்பங்கள் அதில் வாழ்கின்றன என்பது பொருள். வீட்டின் ஒரு பாதி நெடுக அறைகளாகப் பிரிந்திருக்கும். 'பிலேக்' எனப்படும் ஒவ்வோர் அறையும் ஒரு குடும்பத்தினுடையது. அக்குடும்பத்திற்கும் அதே பெயர் வழங்குகிறது. மறுபாதி சுவர்த் தடுப்பின்றி வீட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் நீண்ட கூடம்; அதனை 'ருவாய்' என்பர். அதற்கு வெளியே நெல் உலர்த்தும் திறந்த மேடை உண்டு. அறைக்கு மேலே உள்ள பரணில் நெற்குதிர்கள் இருக்கும்.

கூடத்தில் நடந்து செல்லும் விருந்தினர்க்கு அஃது ஊர்ப்பொதுவாகவே தோன்றும். முதியவர் பிரம்பு பின்னுவதும், சிறுவர் ஓடி விளையாடுவதும், இரவில் வழக்குகள் பேசித் தீர்ப்பதும் அங்கேதான். எனினும் ஒவ்வொரு குடும்பமும் தன் அறைக்கு நேரே உள்ள கூடத்தின் பகுதியைத் தன் மரத்தாலும் தன் உழைப்பாலும் கட்டிக்கொள்கிறது. பழுது பார்ப்பதும் அதன் கடமையே. குடும்பம் வேறிடம் செல்லுமானால், தன் பலகைகளையும் தூண்களையும் பிரித்து எடுத்துச் செல்லும் உரிமை உடையது. நடப்பதற்கும் அமர்வதற்கும் இடம் யாவர்க்கும் பொது. இடத்தின் உடைமையும் பொறுப்பும் அவரவருக்குத் தனி.

அடுப்பு தனி. நெற்குதிர் தனி. புனம் தனி. ஒரு குடும்பத்தின் நெல் குறைந்துவிட்டால் அண்டைக் குடும்பத்தின் குதிரிலிருந்து கேளாமல் எடுக்க வழியில்லை. கடனாகவோ கூலியாகவோதான் பெறவேண்டும். வேட்டையில் பெரிய விலங்கு கிடைத்தாலோ, இறைச்சியைப் பங்கிட்டு உண்பது வழக்கம். பல மாதம் வைத்து உண்ணக்கூடிய நெல்லில் தனியுடைமையும், வைத்திருக்க இயலாத இறைச்சியில் பகிர்வும் நிலவுவது எத்துணைப் பொருத்தம்!

இந்நுட்பத்தை அறியாதோர் நீண்ட வீட்டைப் பொதுவுடைமைக் கூடாரம் என்றே கருதினர். இந்தோனேசியாவில் 1960-களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும், நீண்ட வீடுகள் தூய்மையற்றவை, தீவிபத்துக்கு இடமளிப்பவை, பொதுவுடைமைக் கொள்கையின் சாயல் கொண்டவை என்றெல்லாம் குறைகூறி, அவற்றைக் கலைத்துத் தனித்தனி வீடுகள் கட்டுமாறு அதிகாரிகள் வற்புறுத்தினர். பல வீடுகள் கலைக்கப்பட்டன. நீண்ட வீடு பொதுவுடைமைக் கூடம் என்பது கட்டுக்கதையே என்று டவ் 1982-இல் ஒரு கட்டுரையில் விளக்கிக் காட்டினார். ஆயினும் கலைந்தவற்றுள் பல மீண்டும் எழவில்லை.

குடும்பத்தின் முதுசொம்

பிலேக் குடும்பத்தில் பெரும்பாலும் மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழ்வர். மகனுக்கும் மகளுக்கும் உரிமை சமம். திருமணமானபின் மணமகன் வீட்டில் வாழ்வதா, மணமகள் வீட்டில் வாழ்வதா என்பதை இரு குடும்பத்தாரும் கலந்து முடிவு செய்வர். பிறந்த அறையிலேயே தங்குபவர், ஆணாயினும் பெண்ணாயினும், அக்குடும்பச் சொத்துக்கு வாரிசாவர். மணந்து வெளியே செல்பவர் சென்ற குடும்பத்தின் சொத்தில் உரிமை பெறுவர். பிறந்த குடும்பத்தின் சொத்தில் அவருக்கிருந்த பங்கு நின்றுவிடும். ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரு பிலேக்குகளில் உரிமை இராது. வளர்ப்புப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் உரிமைகள் யாவும் உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவரேனும் அறையிலேயே தங்கிவிடுவதால் குடும்பம் அறுபடாமல் தொடர்கிறது.

இக்குடும்பத்தின் முதுசொம்மில் முதலிடம் பெறுபவை பழஞ்சாடிகள். சீனத்திலிருந்தும் பிற கீழைநாடுகளிலிருந்தும் வணிகர் வழியாக வந்த அப்பெருஞ்சாடிகளை 'தஜாவ்' என்பர். வெண்கலச் சேகண்டிகளும் அவ்வாறே மதிக்கப்படும். பணம் பெருகாத காலத்தில் சாடியே செல்வத்தின் அளவுகோலாய் இருந்தது. ஊர்வழக்கை மீறியோர்க்கு விதிக்கும் தண்டமும் சாடிக் கணக்கில் வழங்கியதுண்டு.

சாடியினும் உயர்ந்த உடைமை ஒன்று உண்டு. அது ஒரு நெல்வகை. ஒவ்வொரு குடும்பத்திற்கும் 'பாடி பூன்' எனப்படும் தனித் திருநெல் இருக்கிறது. பாடி என்றால் நெல். பூன் என்றால் அடி, முதல் என்று பொருள். அவ்விதை ஆண்டுதோறும் புனத்தில் தனி இடத்தில் விதைக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாய் அறாமல் காக்கப்படும். குடும்பம் இரண்டாகப் பிரியும்போது சாடிகளையும் சேகண்டிகளையும் பங்கிடலாம். ஆனால் பாடி பூன் பழைய அறையிலேயே தங்கும். பிரிந்து செல்வோர் துணை நெல்வகை ஒன்றைப் பெற்றுச் சென்று, அதனையே தம் புதிய குடும்பத்தின் திருநெல்லாக ஆக்கிக்கொள்வர். விதையைக் காக்கும் பொறுப்பு எவரிடம் இருக்கிறதோ, அவரே குடும்பத்தின் வேர்.

புனமும் ஓய்வு நிலமும்

மண்ணில் உரம் தங்காத நாட்டில் ஒரே நிலத்தை ஆண்டுதோறும் பயிரிட இயலாது. ஆகவே காட்டில் ஒரு பகுதியை வெட்டி, உலரவிட்டு, எரித்து, அச்சாம்பலையே உரமாகக் கொண்டு நெல் விதைப்பர். நம் பழைய குறிஞ்சிநிலத்தார் புனம் என்று சொன்ன முறையே ஏறத்தாழ இது. கோடையில் செடிகொடிகளை அரிந்து, பெருமரங்களை வீழ்த்தி, ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் எரிப்பர். ஆடவர் வரிசையாய் நின்று கூர்ங்கோலால் குழியிட்டுச் செல்ல, பெண்டிர் பின்தொடர்ந்து விதையிடுவர். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் கதிர்களைச் சிறு கத்தியால் ஒவ்வொன்றாய் அரிந்து அறுவடை செய்வது பழைய முறை. ஓரிரு பருவம் பயிரிட்டபின் நிலத்தைப் பல ஆண்டுகள் ஓய்வாக விட்டுவிடுவர். காடு மீண்டும் வளரும்.

பெருங்காட்டை முதன்முதலில் வெட்டித் திருத்திய குடும்பத்திற்கே அந்நிலத்தில் உரிமை என்பது இபான் வழக்கு. முதற்காட்டின் பெருமரங்களை வீழ்த்துவது கடினமும் உயிருக்கு இடர் தருவதுமான வேலை. அவ்வுழைப்பே உரிமையின் விலை. ஓய்வு நிலத்தில் மரம் முப்பதடி வளர்ந்து நின்றாலும், அதை முதலில் வெட்டியவர் இன்னார், அவர் பெயரர் இன்னார் என்பதை ஊரார் அறிவர். பிறர் அங்கே பயிரிட விரும்பினால் உரியவரைக் கேட்டே செய்வர்.

இக்குடும்ப உரிமைகள் யாவற்றையும் சூழ்ந்து ஓர் ஊர் எல்லை உண்டு. ஓடையும் மேடும் குறியாக வகுத்த அவ்வெல்லையை இபான் மக்கள் 'மெனோவா' என்பர். அதனுள் குடும்பங்களின் ஓய்வு நிலங்களும், வெட்டாமல் ஒதுக்கி வைத்த 'பூலாவ்' என்னும் காட்டுத் துண்டுகளும், இடுகாடும், முன்னோர் வீடிருந்து கைவிட்ட இடங்களில் பழமரங்கள் ஓங்கிய தோப்பும் அடங்கும். ஒதுக்குக் காட்டிலிருந்து வீடு கட்டவும் படகு செய்யவும் ஊரார் மரம் எடுக்கலாம். விற்பதற்கு எடுத்தல் கூடாது. வெளியூரார் நுழைய ஒப்புதல் வேண்டும். ஆக, நிலத்தில் குடும்ப உரிமையும் ஊர் உரிமையும் பாவும் ஊடையும் போலக் கலந்து நிற்கின்றன. ஒன்றை உருவினால் மற்றொன்று நில்லாது.

வேலையிலும் இதே ஒழுங்கு காண்கின்றோம். புனம் தனியுடைமை, ஆனால் வெட்டுதல், விதைத்தல், களையெடுத்தல் போன்ற வேலைகளை ஒரு குடும்பம் தனியே குறித்த காலத்தில் முடிக்க இயலாது. ஆகவே 'பெடுரோக்' என்னும் மாற்றாள் முறை உண்டு. இன்று என் புனத்தில் பத்துப் பேர் உழைத்தால், அப்பத்துப் பேர் புனத்திலும் ஒவ்வொரு நாள் நான் உழைத்துத் தீர்க்கவேண்டும். கணக்கு நாளுக்கு நாள் நேராக நிற்கும். அது கொடையன்று, கடன். தனித்தனி உடைமையாளர் கணக்கு வைத்துக்கொண்டு ஒருவர்க்கொருவர் கைகொடுப்பதே கூட்டுறவு என்று நாம் சொல்வோமாயின், அக்காட்டூரார் நமக்கு மூத்த கூட்டுறவாளர் ஆவர்.

மரமே பட்டா

கிழக்குக் கலிமந்தானில் கூத்தாய் என்னுமிடத்தில் கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்துக் கல்தூண்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. மூலவர்மன் என்னும் அரசன் அந்தணர்க்கு அளித்த கொடைகளை, பல்லவ எழுத்தை ஒத்த எழுத்தில் வடமொழியில் அவை குறிக்கின்றன. ஆற்றின் கீழ்ப்பகுதியை ஆண்ட அரசர் கொடையைக் கல்லில் எழுதினர். மேலாற்று மக்கள் தம் உரிமையை மரத்தில் எழுதினர் எனலாம்.

துரியன் மரத்தைக் காண்போம். மேற்குக் கலிமந்தானில் ஓர் ஊரின் துரியன் தோப்புகளை ஆராய்ந்த நான்சி பெலூசோ என்பார் 1996-இல் விரிவாக எழுதியுள்ளார். பாட்டன் நட்ட மரம் அவர் வழித்தோன்றல் அனைவருக்கும், ஆண்வழி பெண்வழி என்னும் வேறுபாடின்றி, உரியது. பல மரங்களுக்குத் தனிப்பெயரும் உண்டு. பழம் விழும் பருவத்தில் உரிமையுடையோர் மரத்தடியில் குடிலிட்டு இரவும் பகலும் காத்திருந்து பொறுக்குவர். ஒரு மரம் நூறாண்டுக்கு மேல் வாழ்வதால், உரியவர் தொகை தலைமுறைதோறும் பெருகும். பங்கு சிறுத்தாலும் உறவு மறவாது. தன் கொடிவழியைச் சொல்லத் தெரிந்தவனுக்கே மரத்தில் பங்கு என்பதால், மரம் குடும்பத்தின் வரலாற்று நூலாகவும் நிற்கிறது. பிறர் மரத்தை வெட்டினவர் தண்டம் இறுக்கவேண்டும்.

தாப்பாங் என்னும் மரம் 80 மீட்டர் வரை ஓங்கும். அதன் உயர்ந்த கிளைகளில் மலைத்தேனீக்கள் அடைகட்டும். புனத்துக்குக் காடு வெட்டும்போதும் அதனை வெட்டார். தேன் எடுக்கும் உரிமை அதை முதலில் கண்டு காத்தவர்க்கும் அவர் மரபினர்க்கும் உரியது. தெங்காவாங் என்னும் மரத்தின் கொட்டையில் உறையும் கொழுப்பு கிடைக்கிறது. சாக்லேட்டுச் செய்வோர் கொக்கோக் கொழுப்புக்கு மாற்றாக அதனை வாங்குவர். அம்மரம் ஆண்டுதோறும் காய்ப்பதன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டாரமெங்கும் ஒருங்கே காய்த்துக் கொட்டும். அவ்வாண்டு ஊர்க்கடன் தீரும் ஆண்டு.

இவ்வாறு வெளியார் கண்ணுக்கு ஒரே பச்சைப் போர்வையாகத் தோன்றும் காட்டில், நிலம் ஒருவருடையது, அதில் நிற்கும் துரியன் வேறொருவர் மரபினருடையது, அதன் பக்கத்துத் தேன்மரம் மூன்றாமவருடையது என அடுக்கடுக்காய் உரிமைகள் உள்ளன.

நெல்லும் ரப்பரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அக்காடுகளை அடைந்தது. காட்டூரார் அதைப் பெருந்தோட்டமாக நடவில்லை. நெல் அறுத்த புனத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டுக் காட்டோடு காடாய் வளரவிட்டனர். நெல் வீட்டுக்கு, ரப்பர் கடைக்கு. உப்பும் துணியும் மருந்தும் பள்ளிச் செலவும் வேண்டும்போது பால் வடித்தனர். விலை வீழ்ந்தால் வடிக்காமல் விட்டனர். மரம் அழிவதில்லை, பால் உள்ளேயே இருக்கும். அவர்களுக்கு ரப்பர்த் தோப்பு ஒரு சேமிப்பு வங்கியாகவே விளங்கியது.

1930-களில் ஒரு கனவுச் செய்தி போர்னியோக் காட்டூர்களில் பரவியது என்று டவ் குறிப்பிடுகிறார். ரப்பரின் ஆவி நெல்லை உண்டுவிடுகிறது என்பதே அச்செய்தி. அதனை நம்பிப் பலர் தம் ரப்பர் மரங்களை வெட்டினர். அறியாமை என்று நகைப்பது எளிது. ஆனால் உலக நாடுகள் 1934-இல் ரப்பர் ஒப்பந்தம் செய்து, சிறு பயிராளர் விற்பனையை வரியாலும் அளவாலும் நெருக்கிய காலம் அது. விற்பனைப் பயிரையே நம்பி உணவுப் பயிரைக் கைவிட்டவர், விலையை வேறெவரோ குறிக்கும்போது பட்டினி கிடப்பர். அவ்வுண்மையைத் தம் மொழியில் அக்கனவு சொல்லிற்று என்பது டவ்வின் கருத்து. நம் பயிராளர்க்கும் பயன்படும் கனவு அது.

பெண்டிரின் தறி

நெசவாள அன்பர்கள் தறியைப் பற்றிக் கேளாமல் விடார். இபான் பெண்டிர் நெய்யும் 'புவா கும்பு' என்னும் போர்வை உலகப் புகழ் பெற்றது. நெய்பவர் தரையில் அமர்ந்து, பாவின் ஒரு முனையை நிலையான கட்டையிலும் மறுமுனையைத் தம் இடுப்பில் கட்டிய வாரிலும் பிணைத்து, உடலாலேயே பாவை இறுக்கியும் தளர்த்தியும் நெய்வர். கோலம் யாவும் பாவிலேயே அமைவது. நெய்வதற்கு முன்பே பாவு நூலைச் சட்டத்தில் விரித்து, சாயம் ஏறக்கூடாத இடங்களை நாரால் கட்டி, சாயத்தில் தோய்த்து, அவிழ்த்து, மீண்டும் கட்டித் தோய்ப்பர். முன்னாளில் பருத்தியையும் அவர்களே பயிரிட்டு நூற்றனர். இன்று பெரும்பாலும் கடைநூலே.

சிவப்புச் சாயம் நம் நுணாவின் இனமான ஒரு மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கிடைப்பது, கருநீலம் அவுரியிலிருந்து. சிவப்பு பற்ற வேண்டுமானால் நூலை முன்னரே பதப்படுத்தவேண்டும். இஞ்சி, உப்பு, எண்ணெய் முதலியவற்றை அளவறிந்து கலந்து நூலில் ஏற்றும் இவ்வினை 'ஙார்' எனப்படும். கலவையின் அளவை அறிந்த மூதாட்டியர் சிலரே ஊரில் இருப்பர். இவ்வினையைப் 'பெண்டிரின் போர்' என்றே அம்மக்கள் போற்றினர். உயர்ந்த கோலங்களைத் தொட அனுபவ முதிர்ச்சியும், கனவில் கிட்டும் ஒப்புதலும் வேண்டும் என்பது மரபு. கோலமும் ஓர் உடைமையாக, படிப்படியாய்த் தகுதி பெற்று அடைய வேண்டியதாகக் கருதப்பட்டது என்பதை நாம் கருதிப் பார்க்கவேண்டும். புவா துணி சாடிகளோடு சேர்ந்து குடும்பத்தின் முதுசொம்மாய்ப் பேணப்படும்.

எழுதாத உரிமையும் எழுதிய சட்டமும்

இத்துணை நுட்பமான உரிமைகள் இருந்தும், அவை தாளில் இல்லை. அங்கேதான் துன்பம் தொடங்கிற்று.

சரவாக்கில் 1958-ஆம் ஆண்டு நிலச்சட்டத் தொகுப்பின்படி, 1958 ஜனவரி முதல் நாளுக்கு முன் காடு வெட்டித் திருத்தியோ, பழமரம் நட்டோ, குடியிருந்தோ பெற்ற மரபுரிமையே செல்லும். ஆகவே, தம் பாட்டன் அந்நாளுக்கு முன் அங்கே பயிரிட்டதைப் பெயரன் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. 2001-இல் ஓர் இபான் ஊரார் தொடுத்த வழக்கில், ஊரெல்லை முழுதும், ஒதுக்குக் காடு உட்பட, மரபுரிமையில் அடங்கும் என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரார் தரப்பு வரைந்த நிலப்படம் அவ்வழக்கில் சான்றாயிற்று. அதே ஆண்டில், உரிமம் பெறாதோர் நில அளவை செய்வதைத் தடுக்கும் சட்டம் சரவாக்கில் நிறைவேறியது. பின்னர் 2016 டிசம்பரில் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம், வெட்டித் திருத்திய நிலத்துக்கு அப்பாற்பட்ட எல்லைக்கும் ஒதுக்குக் காட்டுக்கும் சரவாக் சட்டத்தில் வலுவில்லை என்று வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. பெரும் போராட்டத்திற்குப்பின் 2018-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஊர் எல்லைக்கு ஓர் அளவுக்குட்பட்டு இடம் தரப்பட்டது.

இந்தோனேசியாவில் 1960-ஆம் ஆண்டு நிலச்சட்டம் மரபு வழக்கை ஏற்றது. ஆனால் நாட்டு நலனுக்கு முரணாகாதவரை என்னும் வரம்பு இட்டது. 1967-ஆம் ஆண்டு வனச்சட்டத்திற்குப்பின் மரம் வெட்டும் உரிமங்கள் நிறுவனங்களுக்குப் பரப்பு பரப்பாய் வழங்கப்பட்டன. 1999-ஆம் ஆண்டு வனச்சட்டமோ, மரபுக் காடு என்பது மரபு மக்கள் வாழும் பகுதியிலுள்ள அரசுக் காடே என்று வரையறுத்தது. 2013 மே மாதம் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்வரையறையிலிருந்து 'அரசு' என்னும் ஒரே சொல்லை நீக்கிற்று. மரபுக் காடு இனி அரசுக் காடு அன்று என்றாயிற்று. எனினும் ஓர் ஊரார் மரபு மக்கள் என்று உள்ளூர் அரசு ஏற்றபின்னரே காடு அவர்கள் கைக்கு வரும். அவ்வேற்பிற்குப் பல ஊர்கள் காத்திருக்கின்றன.

எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் பரவிய காலத்தில் நேர்ந்த இழப்பு வேறு வகையானது. தோட்டத்திற்கு நிலம் தந்தால் பயிரிட்ட நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. மேற்குக் கலிமந்தானில் சில திட்டங்களில் 7.5 ஹெக்டேர் தந்த குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் பனைநிலம் திரும்பக் கிடைத்தது. மீதி நிலத்தைக் காலவரையறையோடு இரவல் தந்ததாகவே பலர் எண்ணினர். ஓய்வு நிலத்தை அண்டையார்க்கு ஒரு பருவம் இரவல் தருவதும், பின் அது தம்மிடம் மீள்வதும் அவர்கள் அறிந்த வழக்கம் அன்றோ? ஆனால் சட்டத்தின்படி, தோட்ட உரிமைக்கு விட்ட நிலம் காலம் முடிந்ததும் ஊராரிடம் மீளாது, அரசிடமே சேரும். ஒரே கைந்நாட்டில் இரு தரப்பாரும் இரு வேறு பொருளைக் கண்டனர். இழந்தவர் ஒரு தரப்பாரே.

காத்தவர்களும் உண்டு. கப்புவாஸ் ஆற்றின் மேல்பகுதியில் சுங்கை ஊத்திக் என்னும் இபான் ஊரார், மரம் வெட்டும் நிறுவனங்களையும் பனைத் தோட்டங்களையும் பல்லாண்டுகள் மறுத்து நின்றனர். இன்றும் நீண்ட வீட்டிலேயே வாழ்கின்றனர். 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பூமத்தியரேகைப் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. 2020-இல் 9,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு அவர்களது மரபுக் காடென அரசால் ஏற்கப்பட்டது. அவர்களுக்கு உதவியவற்றுள் முதன்மையானது தம் எல்லையைத் தாமே அளந்து வரைந்த நிலப்படமாகும்.

சங்கம் செய்தது என்ன?

மேற்குக் கலிமந்தானில் டயாக் ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடி 1987-இல் பஞ்சூர் காசே என்னும் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். அவ்வியக்கத்தைச் சார்ந்தோரே பின்னர் ஊர் ஊராகச் சென்று மக்களைக் கொண்டே நிலப்படம் வரையும் பணியையும் மேற்கொண்டனர். 1993-இல் செக்கடாவ் பகுதியில் ஒரு சிற்றூரில் தோன்றிய கெலிங் குமாங் சங்கம் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டது. கெலிங், குமாங் என்பன அம்மக்களின் பழங்கதைத் தலைவன், தலைவியின் பெயர்கள். சிந்தாங் நகரில் நெசவுப் பெண்டிரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நூல் வழங்கித் துணியை வாங்கி விற்கிறது.

கடன் சங்கத்திற்கும் நிலப்படத்திற்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. பிள்ளையின் படிப்புச் செலவுக்கோ நோய்ச் செலவுக்கோ கைப்பணம் இல்லாத போதுதான், நிலத்தைத் தோட்டத்துக்கு விடும் தாளில் ஒரு குடும்பம் கைந்நாட்டு இடுகிறது. அந்த நெருக்கடியில் சங்கத்திலிருந்து ஒரு சிறு கடன் கிடைக்குமானால், நிலம் தங்கிவிடுகிறது. நிலம் தங்கினால்தான் நிலப்படத்திற்குப் பொருள் உண்டு.

நீண்ட வீடுகள் பல மறைந்துவிட்டன. சாலை போடப்பட்ட ஊர்களில் தனி வீடுகளும், கடைகளும், பள்ளிகளும் எழுந்துள்ளன. இளைஞர் பலர் நகரங்களுக்குச் செல்கின்றனர். துரியன் மரத்தின் கொடிவழியைச் சொல்லத் தெரிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். சொல்லத் தெரிந்தவர் மறைந்தபின் உரிமையை மெய்ப்பிக்க எதுவும் இராது என்பதை அவ்வூரார் உணர்ந்துள்ளனர். ஆகவேதான் முதியோர் காட்டில் முன்னே நடந்து 'இது என் பாட்டி நட்டது, அவ்வோடையே எல்லை' என்று சொல்ல, இளைஞர் பின்னே கருவி ஏந்தி அளந்து தாளில் குறிக்கின்றனர்.

நம் சங்கங்களிலும் வாய்ச்சொல்லால் மட்டும் நிற்கும் உரிமைகள் எத்தனையோ உள்ளன. எவர் தறிக்கு எவ்வளவு நூல் தரப்பட்டது, எவர் பங்குத்தொகை எவர் பெயரில் மாறிற்று, வாரிசு யார் என்பவற்றை அறிந்த பழைய உறுப்பினர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பதிவேட்டில் குறித்து, கையொப்பம் பெற்றுக்கொள்வோமாக.